வாரம் ஒரு மணி நேரம், குறைந்தது ஓராண்டு: மாணவர்களுக்கு வழிகாட்டப் போகும் புதியவருக்கு

நல்ல மனசு இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நானும் இந்த வேலைக்குள் வந்தேன். வசதியில்லாத வீட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளையோடு வாரம் ஒரு முறை உட்கார வேண்டும். பாடத்தில் சந்தேகம் என்றால் சொல்லித் தர வேண்டும், மேற்படிப்புக்கு வழி காட்ட வேண்டும். இதில் என்ன பெரிய கஷ்டம்? முதல் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது: மனசு எல்லோரிடமும் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை மணிதான் யாரிடமும் இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் முதல் படி நாள்காட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவது. படிவம் நிரப்புவதெல்லாம் அப்புறம்.

நாள்காட்டி

அமெரிக்காவில் ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ என்று நூறாண்டு தாண்டிய அமைப்பு ஒன்று இருக்கிறது. நியூயார்க்கில் சிறார் நீதிமன்ற எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கூல்டர், குற்றம் சாட்டப்பட்டு வந்து நிற்கும் பையன்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் துணை கிடைத்தால் நன்றாயிருக்குமே என்று 1904-ல் பேசப்போய்த் தொடங்கியது. 1990-களில் அந்த அமைப்பைத் தேடி வந்த 959 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே துணை. மறுபாதி காத்திருப்போர் பட்டியலில். ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது, துணை கிடைத்தவர்கள் போதைப்பொருள் பக்கம் புதிதாகப் போவது 46 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளிக்கு மட்டம் போட்ட நாட்கள் ஏறக்குறைய பாதி.

தன்னார்வலர் சேர்க்கைக் கூட்டங்களில் இந்த எண்களைக் காட்டுவார்கள். அதன் தொடர்ச்சியை அவ்வளவாகக் காட்டமாட்டார்கள். அதே தரவை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-ல் வேறு மாதிரி பிரித்தார்கள்: யாருடைய துணை எத்தனை மாதம் நீடித்தது? ஓராண்டைத் தாண்டியவர்களுக்குப் பலன் அதிகம். குறையக் குறையப் பலனும் குறைந்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளைகள் தங்கள்மேல் வைத்திருந்த மதிப்பே முன்பைவிடச் சரிந்திருந்தது. ஏற்கெனவே பெரியவர்கள் விட்டுவிட்டுப் போய்ப் பழகிய பிள்ளை அது. இன்னும் ஒருவர் வந்தார், பார்த்தார், போய்விட்டார் என்றால் என்ன நினைத்துக்கொள்ளும்?

ஆக, வரப்போகும் 52 வாரத்தையும் தாளில் எழுதுங்கள். அலுவலகத்தில் மூச்சு முட்டும் மாதங்கள், ஊருக்குப் போகும் நாட்கள், வீட்டுக் கல்யாணம், உங்கள் பிள்ளைகளின் தேர்வு எல்லாவற்றையும் அடித்துவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். நாற்பது தேறினால் தாராளமாக வாருங்கள். இருபத்தைந்துதான் தேறுகிறது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, வேறு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பயிற்சி வகுப்பு எடுக்கலாம், விண்ணப்பக் காலத்தில் இரண்டு வாரம் மட்டும் படிவங்களுக்கு உதவலாம், அமைப்பின் கணக்கு வழக்கைப் பார்க்கலாம். தொடர்ந்து வர முடியாதவர் வழிகாட்டியாகச் சேராமல் இருப்பதே ஒரு உதவிதான்.

இன்னொன்று. உங்களுக்கு வசதி என்று ஞாயிறு காலை ஆறு மணியைக் கேட்காதீர்கள். 13 முதல் 18 வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். அந்த வயதில் உடம்பு இரவில் தாமதமாகத்தான் தூக்கத்துக்குப் போகும். காலை ஆறு மணிக்கு எதிரில் உட்கார்ந்திருப்பது பிள்ளையின் உருவம் மட்டும்தான்.

எந்த அமைப்பில் சேர்வது

தனியாளாகத் தொடங்காதீர்கள். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஒரு பள்ளியோ பதிவுபெற்ற அமைப்போ நடுவில் இருக்கட்டும். காரணம் கீழே வருகிறது.

அமைப்பைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரு எளிய சோதனை இருக்கிறது: அவர்கள் உங்களைச் சோதிக்கிறார்களா? அடையாளச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு, உங்களைத் தெரிந்த இரண்டு பேரிடம் விசாரிப்பு, நேர்காணல், குறைந்தது ஒரு நாள் பயிற்சி. இவை எதுவும் இல்லாமல் “சந்தோஷம், நாளைக்கே வாங்க” என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். உங்களைச் சரிபார்க்காதவர்கள் மற்றவர்களையும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். நான் முதலில் போன இடம் அப்படித்தான் இருந்தது. வரவேற்பைப் பார்த்துப் பூரித்துப்போனேனே தவிர, அதில் இருந்த ஆபத்து உறைக்கச் சில மாதம் ஆனது.

அப்புறம் நீங்களும் கேளுங்கள். போன ஆண்டு சேர்ந்த வழிகாட்டிகளில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள்? நின்றுபோனால் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள்? எனக்குப் பிரச்சினை என்றால் யாரை எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் நல்ல இடம்.

நல்லெண்ணத்துக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு என்று தோன்றினால் கேம்பிரிட்ஜ்-சாமர்வில் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1939-ல் தொடங்கிய திட்டம். 506 பையன்கள்; பாதிப் பேருக்கு வீடு தேடி வரும் ஆலோசகர், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம், எல்லாம் சராசரியாக ஐந்து ஆண்டுக்கு. முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தப் பையன்களைத் தேடிப்பிடித்து விசாரித்தார். 1978-ல் அவர் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் “அது எனக்கு நல்லதுதான் செய்தது” என்றார்கள். ஆனால் குடிப்பழக்கம், மீண்டும் மீண்டும் குற்றம், உடல்நலம் என்று பல கணக்கில் அவர்கள் உதவி பெறாதவர்களைவிடப் பின்தங்கி இருந்தார்கள். வெளியாட்களையே சார்ந்திருக்கப் பழக்கிவிட்டோமோ, எட்டாத எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டோமோ என்று மெக்கார்ட் யோசித்தார். பிள்ளை சிரித்துக்கொண்டே நன்றி சொல்வதை வைத்து எதையும் அளக்காதீர்கள் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது.

முதல் நாலு சந்திப்பு

பேச்சே வராது. அதற்குத் தயாராகப் போங்கள்.

என்னிடம் முதலில் வந்த பையன் பதினொன்றாம் வகுப்பு. எதைக் கேட்டாலும் “ம்”. லட்சியம் என்ன என்று கேட்டேன்; “ம்”. எனக்கே சலித்துப்போய் மூன்றாவது வாரம், “சரி, நோட்டை எடு, ஒரு கணக்குப் போடுவோம்” என்றேன். முக்கோணவியல். சைன் 30-க்கு அவன் எழுதியிருந்த விடை மைனஸ் 0.988. வழிமுறை எல்லாம் ஒழுங்கு, விடை மட்டும் அபத்தம். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன், எல்லாம் அப்படியே. கால்குலேட்டரை வாங்கிப் பார்த்தால் திரையின் மேல் ஓரத்தில் கடுகு அளவில் ‘ஆர்’ என்ற எழுத்து. டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற வேறொரு கோண அளவில் கிடந்திருக்கிறது. யாரோ பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய கால்குலேட்டர். வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். மாற்றிக் கொடுத்தேன். 0.5 வந்தது. திரும்ப அழுத்தினான், 0.5. சைன் 90 போட்டான், 1. “அப்போ எனக்கு ட்ரிக்னாமெட்ரி வரும், இல்லண்ணா?” என்றான். மூன்று வாரத்தில் அவன் பேசிய முதல் முழு வாக்கியம்.

எல்லோருக்கும் இப்படி ஒரு கால்குலேட்டர் அமையாது. ஆனால் இருவருமாகச் சேர்ந்து ஏதாவது செய்தால் பேச்சு தானே வரும். எதிர் எதிராக உட்காராமல் பக்கத்துப் பக்கத்தில் உட்காருங்கள், கண்ணைப் பார்த்தே ஆகவேண்டிய நெருக்கடி இருக்காது. வீட்டு நிலவரத்தைத் தோண்டாதீர்கள். அப்பா என்ன செய்கிறார், கடன் எவ்வளவு என்பதெல்லாம் நேர்காணலில் கேட்கிற கேள்வி. “இந்த வாரம் வகுப்பில் எந்த மணி நேரம் நகரவே இல்லை?” என்று கேட்டுப் பாருங்கள், அருவியாகக் கொட்டும்.

உங்கள் சொந்த வெற்றிக் கதையை முதல் மாதத்தில் சொல்லாதீர்கள். “நானும் கஷ்டப்பட்டுத்தான் வந்தேன்” என்று ஆரம்பித்தாலே பிள்ளை மரியாதையாகத் தலையாட்டும், மனசு வேறெங்கோ போய்விடும்.

பாடம்

நீங்கள் ஆசிரியர் இல்லை, பாடம் நடத்த வேண்டியதில்லை. எப்படிப் படிப்பது என்று காட்டினால் போதும். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே முறை திரும்பத் திரும்ப வாசிப்பது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனை ஒன்று 2006-ல் வெளியானது. ஒரு குழு ஒரே பகுதியை நாலு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து முதல் குழுவுக்கு நினைவிருந்தது 40 சதவீதம், இரண்டாவது குழுவுக்கு 61. ஆகவே புத்தகத்தை மூடச் சொல்லுங்கள், வெள்ளைத் தாளைக் கொடுங்கள், “இப்போ தெரிஞ்சதை எழுது” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

பாடத்துக்கு முன்னால் கண்ணைப் பாருங்கள். பலகையைப் பார்க்கும்போது இடுக்கிக்கொள்கிறதா? பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறதா? மேற்குச் சீனாவில் 252 தொடக்கப் பள்ளிகளில் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளியானது. அந்தக் கல்வியாண்டிலேயே கணக்கு மதிப்பெண் ஏறியிருந்தது. அங்கே சின்னப் பிள்ளைகள்தான், ஆனால் பதினைந்து வயதிலும் கண் அதே கண்.

எல்லைகள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

சந்திப்பு எப்போதும் மற்றவர் கண்ணில் படும் இடத்தில்: பள்ளி நூலகம், அமைப்பின் கூடம், கதவு திறந்த வகுப்பறை. உங்கள் வீடு கூடாது, பிள்ளையின் வீட்டில் தனியாகவும் கூடாது. வண்டியில் தனியாக ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், மழையாக இருந்தாலும். செய்தி அனுப்புவது ஒருங்கிணைப்பாளரும் இருக்கும் குழுவில் மட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் அதுவும் வேண்டாம். சமூக ஊடகத்தில் நட்பு அழைப்பு அனுப்பாதீர்கள், வந்தாலும் ஏற்காதீர்கள். ஏன் ஏற்கவில்லை என்று அடுத்த வாரம் நேரில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ளும். படம் எடுத்துப் போடவே போடாதீர்கள். “ஏழை மாணவிக்கு உதவியபோது” என்று ஒரு படம் வந்துவிட்டால் அவள் வகுப்பில் அந்தப் பெயர் வருடக் கணக்கில் நிற்கும்.

இவை பிள்ளையைக் காப்பதற்கு, உங்களைக் காப்பதற்கும்தான்.

மிகக் கடினமான நாள் ஒன்று வரலாம். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்கக்கா, நான் ஒண்ணு சொல்றேன்” என்று ஒரு பெண் கேட்பாள். சத்தியம் செய்யாதீர்கள். “உனக்கு ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா, உதவி செய்யக்கூடியவங்க ஒருத்தர்கிட்ட நான் சொல்லியே ஆகணும். வேற யார்கிட்டயும் போகாது. இப்போ சொல்றியா?” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் சொல்வார்கள். அப்படிச் சொன்னால் குறுக்குக் கேள்வி கேட்காமல், அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் கேளுங்கள். “என்கிட்ட சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை” என்று சொல்லுங்கள். அன்றைக்கே, அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதி, அமைப்பின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். நீங்களாக விசாரிக்கக் கிளம்புவதோ வீட்டில் போய்ப் பேசுவதோ அவளை இன்னும் ஆபத்தில் தள்ளிவிடும். நடுவில் ஓர் அமைப்பு இருக்கட்டும் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பணம்

கையில் காசு கொடுக்காதீர்கள். நூறு ரூபாயோ பத்து டாலரோ, உங்கள் பையிலிருந்து பிள்ளையின் கைக்கு நேராகப் போன அன்றே உறவு மாறிவிடும். அடுத்த வாரம் பாடம் புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படும், வராமல் இருக்கப் பயப்படும். தேவை தெரிந்தால் அமைப்பிடம் சொல்லுங்கள். நீங்கள்தான் கொடுத்தது என்று தெரியாமலே போகட்டும். கட்டணம் என்றால் கட்ட வேண்டிய இடத்துக்கே நேராகச் செலுத்தச் சொல்லுங்கள்.

பிள்ளைகளைப் பாதியில் நிறுத்துவது பெரும்பாலும் பெரிய தொகை இல்லை. தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, தேய்ந்த செருப்பு, மாதவிடாய் நாட்களுக்கான நாப்கின், விண்ணப்பம் அனுப்ப டேட்டா, சான்றிதழ் நகல். புத்தகப் பை கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள், அதில் படம் எடுக்கலாம். தேர்வுக் கட்டணத்தைப் படம் எடுக்க முடியாது, அதனால் அதற்கு ஆள் குறைவு. நன்கொடை தர நினைப்பவர்கள் ஒரே முறை பெரிதாகத் தருவதைவிட, சிறிதாக மூன்று ஆண்டுக்குத் தருகிறேன் என்று சொன்னால் அமைப்புக்குத் திட்டம் போட முடியும். தருவதற்கு முன் தணிக்கை செய்த கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பணமும் ஆளும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் ஒரு பழைய சாட்சி உண்டு. தொழிலதிபர் யூஜீன் லாங் 1981-ல் தான் சின்ன வயதில் படித்த பள்ளிக்கே பேசப் போனார். எதிரில் ஆறாம் வகுப்பு முடித்த 61 பிள்ளைகள். இவர்களில் முக்கால்வாசிப் பேர் பள்ளிப் படிப்பையே முடிக்கமாட்டார்கள் என்று பள்ளியில் சொல்லக் கேட்டு, தயாரித்து வந்த உரையை விட்டுவிட்டு, பள்ளியை முடித்தால் கல்லூரிச் செலவுக்கு நான் பொறுப்பு என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். இதுவரைதான் எல்லோரும் சொல்வார்கள். ஆறு ஆண்டுக்கு அப்பால் இருக்கும் பணம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நாளைக்குப் பள்ளிக்குக் கொண்டுவராது என்று அவருக்குச் சீக்கிரமே புரிந்தது. அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் ஒருவரை வைத்தார், தானும் அவர்களோடு தொடர்ந்து பழகினார். பெரும்பாலானோர் பள்ளியை முடித்தார்கள்.

படிவம்

கடைசி வகுப்பு வந்துவிட்டால் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு இதைப் பிடியுங்கள். என் கணிப்பில் ஒரு வழிகாட்டி செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை, பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதுதான்.

மிகைப்படுத்தவில்லை. எரிக் பெட்டிங்கர், பிரிட்ஜெட் லாங் (மேலே சொன்ன யூஜீன் லாங் வேறு) உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வைப் பாருங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வந்த குறைந்த வருமானக் குடும்பங்களில் ஒரு பகுதிக்கு, அங்கேயே உட்கார வைத்து, கல்லூரி உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள். ஆளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மூன்று ஆண்டில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளில் கல்லூரியில் இரண்டு ஆண்டைப் படித்து முடித்தவர்கள் 28-லிருந்து 36 சதவீதமாக ஏறினார்கள். இன்னொரு பகுதிக்கு எவ்வளவு உதவித்தொகை கிடைக்கும் என்ற விவரத்தை மட்டும் சொல்லி, படிவத்தை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். அவர்களிடம் மாற்றமே இல்லை.

ஏன் என்று எனக்குப் புரியவைத்தது ஒரு மாணவி. கெட்டிக்காரி. படிவத்தில் பெயர், பிறந்த தேதி எல்லாம் விறுவிறுவென்று நிரப்பினாள். ‘நிரந்தர முகவரி’ வந்ததும் பேனா நின்றது. மூடியைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். பதினோரு மாதத்துக்கு ஒரு முறை வீடு மாறுகிற குடும்பம். “எதைப் போடறது?” என்று கேட்கவும் கூச்சம். நான் கவனிக்காமல் இருந்திருந்தால் “வீட்டில் போய் எழுதிட்டு வரேன்” என்று மடித்துப் பையில் வைத்திருப்பாள், அந்தப் படிவம் திரும்பி வந்திருக்காது. பள்ளி முகவரியைப் போடலாமா என்று படிவத்தை வாங்கும் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி. போடலாம் என்றார்கள். இரண்டு நிமிடம்.

செய்ய வேண்டியது இதுதான். தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே ஒரே ஒரு கோப்பு போடச் சொல்லுங்கள்: அடையாளச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல்கள், வங்கிக் கணக்கு விவரம், ஒவ்வொன்றிலும் மூன்று நகல், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எல்லாச் சான்றிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கிறதா என்று முதல் நாளே ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் திருத்த மாதக் கணக்கில் ஆகும். கோப்பின் உள் அட்டையில் கடைசித் தேதிகளைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். உங்கள் கணக்கில் கடைசித் தேதி என்பது உண்மையான தேதிக்குப் பத்து நாள் முன்னால். மின்னஞ்சல் முகவரியைப் பிள்ளையின் பெயரில் தொடங்குங்கள், கடவுச்சொல் பிள்ளையிடம் மட்டும் இருக்கட்டும். பேனாவும் பிள்ளையின் கையில்தான். நீங்கள் எழுதிக் கொடுத்தால் அடுத்த படிவத்துக்கும் உங்களைத் தேட வேண்டிவரும்.

இடம் கிடைத்துவிட்டது என்றதும் கை தட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். பள்ளி முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள இரண்டு மூன்று மாதம்தான் பள்ளம். பள்ளிக்கும் சொந்தமில்லை, கல்லூரிக்கும் சொந்தமில்லை. சேர்க்கைக் கடிதத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும், முன்பணம் கட்ட வேண்டும், விடுதிக்கு எழுத வேண்டும், கேட்க ஆளில்லை. சேரப் போகிறேன் என்று சொன்ன பிள்ளைகள் இந்த இடைவெளியில் சத்தமில்லாமல் உதிர்ந்துபோவதற்கு அமெரிக்காவில் ‘சம்மர் மெல்ட்’, அதாவது கோடையில் கரைந்துபோவது, என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மாதங்களில் வாரம் ஒரு அழைப்பாவது வேண்டும், ஒருங்கிணைப்பாளரும் இருக்கும் அதே குழுவில்.

விடைபெறுவது

முடியும் தேதியை ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். இடையில் வேலை மாறி நீங்கள் விலக நேர்ந்தாலும் அப்படித்தான். செய்தி அனுப்பிவிட்டு மறையாதீர்கள், நேரில் வந்து காரணத்தைச் சொல்லுங்கள். “அடிக்கடி பேசுவோம்” என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். பேச முடியுமென்றால் எப்போது, யார் வழியாக என்று சொல்லுங்கள்.

கடைசிச் சந்திப்புக்குப் பரிசு எதுவும் வேண்டாம். ஒரு தாளில் மூன்று பேரை எழுதச் சொல்லுங்கள்: பணச் சிக்கல் என்றால் யார், பாடம் புரியவில்லை என்றால் யார், மனசு சரியில்லை என்றால் யார். கல்லூரியின் உதவித்தொகைப் பிரிவு, அங்கே படிக்கும் சீனியர் ஒருவர், அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் என்று இருக்கலாம். மூன்று எண்ணையும் உங்கள் எதிரிலேயே ஒரு முறை அழைத்துப் பேச வையுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.